அத்தைக்கு வைத்த ஈறு

போன வாரம் பாப்பாவை அடுப்பு முன்னால் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன் என்று உங்களில் பாதிப் பேருக்கு என்மேல் வருத்தம். வருத்தப்படாதீர்கள், கண்ணுகளா. கேக் நன்றாக வந்துவிட்டது. மூன்று அடுக்கு, சுற்றிலும் வெண்ணெய் கிரீம், ஓரமெல்லாம் வெள்ளைப் பூ. ஒரு தலைமை நர்ஸம்மா ஓய்வு பெறுகிற விருந்துக்கு இன்று மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டிய கேக்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பாப்பாவுக்கு நாற்பது வயது. இரண்டு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இத்தனை வருடமாக ஒரு பேக்கரியில் கேக்குக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கிறாள். பூ இவளுடையது, பெட்டியின் மேல் இருக்கிற பெயர் முதலாளியுடையது. தன் வீட்டு அடுப்பில், தன் பெயரில் அவள் செய்த முதல் பெரிய கேக் இதுதான். விருந்து மண்டபத்து மேலாளர் அம்மா சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்: "இது நல்லா வந்தா இனி மண்டபத்துக் கேக் எல்லாம் உனக்கு. சொதப்பினா என்னைத் தேடி வராதே." கேக் சாய்ந்தால், நாளைக் காலை பாப்பா மறுபடியும் முதலாளியின் பெட்டிக்குப் பூ வைக்கப் போக வேண்டும்.

கேக் போக வேண்டிய வாகனம் அத்தை. பயப்படாதீர்கள், அத்தை என்பது அந்த வீட்டுப் பழைய கார். பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்து நிற்கும், ஒன்றுமில்லாததற்கெல்லாம் சூடாகும், ஆனால் யாரையும் விட்டுக்கொடுக்காது. அதனால் அந்தப் பெயர். பின்பக்கம் அகலமாக, தட்டையாக இருப்பதால் மூன்று அடுக்குப் பெட்டி வேறெந்த வண்டியிலும் இப்படிப் பாந்தமாக உட்காராது.

அண்ணன்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய கார். இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதால் கிழமை பிரித்துக்கொண்டார்கள். திங்கள், புதன், வெள்ளி பெரியண்ணனுக்கு. செவ்வாய், வியாழன், சனி சின்னண்ணனுக்கு. ஞாயிறு பாப்பாவுக்கு. பெரியண்ணன் பல் செட் செய்கிறவர். சின்னண்ணன் நீச்சல் குளம் ஒன்றைப் பராமரிக்கிறவர். "தண்ணிக்கு மருந்து ஊத்துறதெல்லாம் ஒரு தொழிலா?" என்று பெரியவர் விருந்தாளி முன்னால் கேட்டார். "வாயே இல்லாத பல்லுக்குப் பாலிஷ் போடுறது மட்டும் தொழிலா?" என்று சின்னவர் திருப்பிக் கேட்டார். அதோடு இருவருக்கும் நடுவில் கதவு சாத்திக்கொண்டது.

இன்று ஞாயிறு. ஆனால் அண்ணன்கள் இரண்டு பேரும் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் எதுக்கு?" என்றாள் பாப்பா.

"அத்தைக்கு வெய்யில் ஆகாது. நான் முன்னாடி உட்கார்ந்து சூடு காட்டுற முள்ளைப் பார்த்துக்கிறேன்" என்றார் பெரியண்ணன்.

"பெட்டியை யாராவது பிடிச்சுக்க வேண்டாமா?" என்று சின்னண்ணன் பின்னால் ஏறினார்.

உண்மை என்னவென்றால், மற்றவர் கை வைத்த வண்டியில் தங்கை தனியாகப் போவதை இரண்டு பேராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தெரு முனை திரும்பவில்லை, ஆரம்பித்துவிட்டது.

"பாப்பா, பின்னாடி இருக்கிறவர்கிட்ட சொல்லு. பெட்டியை அந்த அமுக்கு அமுக்க வேண்டாம். அது என்ன, தண்ணியில மிதந்து போயிடப் போகுதா?"

"பாப்பா, முன்னாடி இருக்கிறவர்கிட்ட சொல்லு. அவர் முள்ளை மட்டும் பார்க்கட்டும். என்னைப் பார்க்க வேண்டாம்."

"நான் யார்கிட்டயும் எதையும் சொல்ல மாட்டேன். நான் வண்டி ஓட்டிட்டு இருக்கேன்."

"பார்த்தியா, நீ சொல்லாமலே அவருக்குக் கேட்டுடுச்சு" என்றார் பெரியண்ணன்.

பெரிய சாலையின் சிக்னலில் முன்னால் ஒரு லாரி, பக்கத்தில் ஒரு பேருந்து. நகர வழியில்லை. அத்தை ஒரு பெருமூச்சு விட்டாள். சூட்டைக் காட்டுகிற முள் நடுவிலிருந்து மெல்ல எழுந்து சிவப்புக் கோட்டை எட்டிப் பார்த்தது.

"ஹீட்டரைப் போடு!" என்றார் பெரியண்ணன்.

வெளியே வெய்யில் கொளுத்துகிறது, எதற்கு ஹீட்டர் என்று கேட்பீர்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். எஞ்சினைச் சுற்றி ஓடுகிற சுடுதண்ணீரில் கொஞ்சத்தை ஹீட்டர் தன் பக்கம் இழுத்து, அந்தச் சூட்டை உள்ளே நம்மேல் ஊதும். எஞ்சின் பிழைக்கும். நாம் வேகுவோம்.

"ஹீட்டரா? கிரீம் உருகிடும்!" என்று பின்னாலிருந்து அலறினார் சின்னண்ணன். சட்டென்று நினைவு வந்து, "பாப்பா, சொல்லிடு" என்று சேர்த்துக்கொண்டார்.

"எஞ்சின் போனா கேக் எப்படிப் போகும்? பாப்பா, நீ சொல்லு."

"கேக் போனா எஞ்சின் எதுக்குப் போகணும்? இதையும் சொல்லு."

பாப்பா இரண்டு நொடி யோசித்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஹீட்டரைத் திருப்பினாள். நான்கு கண்ணாடிகளையும் இறக்கினாள். அனல் முகத்தில் அறைந்தது. பெரியண்ணனின் மூக்குக் கண்ணாடி வழுக்கி மடியில் விழுந்தது. சின்னண்ணன் ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மண்டபத்தின் அழைப்பிதழைக் கேக்குக்கு விசிறிக்கொண்டிருந்தார். பேருந்து ஜன்னலிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "உடம்புக்கு முடியலையா? டாக்டர்கிட்டயா போறீங்க?" என்று விசாரித்தார்.

"இல்லைங்க, விருந்துக்கு" என்றாள் பாப்பா, நெற்றியிலிருந்து வியர்வை சொட்டச் சொட்ட.

சிக்னல் விழுந்தது. வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில், அனல் தானாகவே குறைந்தது. பிறகு ஹீட்டரிலிருந்து குளுகுளுவென்று காற்று வர ஆரம்பித்தது.

"அப்பாடா! அத்தை மனசு இரங்கிட்டா. கேக் தப்பிச்சுது" என்று சிரித்தாள் பாப்பா.

சின்னண்ணன் சிரிக்கவில்லை. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று காது வைத்தே கண்டுபிடிக்கிறவர் அவர். விசிறுவதை நிறுத்திவிட்டார்.

"முள் எங்க இருக்கு?"

"சிவப்புல" என்றார் பெரியண்ணன், நேராகப் பதில் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

"எஞ்சின் கொதிக்குது, ஹீட்டர் குளிருதுன்னா உள்ள தண்ணி ஓடலைன்னு அர்த்தம். ஓரம் கட்டு, பாப்பா! எஞ்சினை அணை!"

வண்டி ஒரு மரத்தடியில் நின்றது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி புறப்பட்டது. பெரியண்ணன் முதல் ஆளாக இறங்கி, பானெட்டைத் தூக்கி, கைக்குட்டையைச் சுருட்டி ரேடியேட்டர் மூடியை நோக்கிக் கையை நீட்டினார்.

"அண்ணா, தொடாதே!"

சின்னண்ணன் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கைகள் கிளம்பிவிட்டன. பெரியண்ணனின் கை அந்தரத்தில் நின்றது.

"இப்பத் திறந்தா கொதிக்கிற தண்ணி அப்படியே மூஞ்சியில அடிக்கும். ஆறட்டும்" என்றார் சின்னண்ணன், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு.

நேராகப் பேசிவிட்டோம் என்பது அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஒருவர் மரத்தைப் பார்த்தார். ஒருவர் சக்கரத்தைப் பார்த்தார். பாப்பா ஒன்றும் தெரியாதவள்போல் பின்கதவைத் திறந்து கேக் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹீட்டர் காற்று அடித்த பக்கத்தில் நடு அடுக்கின் கிரீம் இளகி வழிந்திருந்தது. நாலைந்து பூக்கள் கீழ் அடுக்கின்மேல் தலைகுப்புறக் கிடந்தன.

"நான் நாளைக்குப் பேக்கரிக்கே போயிடுறேன்" என்றாள் சின்னக் குரலில்.

கண்ணுகளா, அழுகிற தங்கையைச் சமாளித்துவிடலாம். அழாமல் சின்னக் குரலில் பேசுகிற தங்கையைப் பார்த்தால் எந்த அண்ணனுக்கும் கை கால் ஓடாது.

"எங்கயும் போக வேண்டாம். அடுத்த சந்துல என் குளம். சரிவுதான், தள்ளிடலாம்" என்றார் சின்னண்ணன். பெரியண்ணன் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

பாப்பா ஸ்டீயரிங்கைப் பிடிக்க, அண்ணன்கள் இருவரும் தோளோடு தோள் முட்டுக்கொடுத்து அத்தையைத் தள்ளினார்கள். "நல்லாத் தள்ளு" என்று இவர். "நான் மட்டும்தான் தள்ளுறேன்" என்று அவர். குளத்தின் பின்வாசலில் வண்டி நின்றபோது இருவர் முதுகிலும் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குளத்தில் வயதான பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று உடற்பயிற்சி செய்வார்கள். கேக் பெட்டி உள்ளே வருவதைப் பார்த்ததும் பயிற்சி அந்தரத்தில் நின்றது. கலர் கலராக ரப்பர் தொப்பி போட்ட தலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின.

"யாருக்குப் பிறந்தநாள்?"

"யாருக்கும் இல்லை! கையைத் தூக்குங்க, பயிற்சி நடக்கட்டும்!" என்று சின்னண்ணன் கத்திக்கொண்டே போனார்.

"அதைத் தின்னுட்டு இங்க வந்தா தண்ணி மட்டம் ஏறிடும்" என்று ஒரு மஞ்சள் தொப்பி சொல்ல, குளம் முழுக்கச் சிரிப்பு.

உடை மாற்றும் அறை ஓடு பதித்த அறை. வெய்யிலே தெரியாது. கேக்கை அங்கே பெஞ்சின்மேல் வைத்து, ஒரு மின்விசிறியை எட்ட நிறுத்தி ஓடவிட்டார்கள். எஞ்சின் ஆறுகிற வரைக்கும் கிரீமும் இறுகட்டும் என்று மூவரும் காத்திருந்தார்கள். காத்திருப்பதைப் போல் கஷ்டமான வேலை அந்தக் குடும்பத்துக்கு வேறு கிடையாது. ஆளுக்கு மூன்று தடவை போய் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஒருவழியாகக் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்தது. சின்னண்ணன் தடித்த துணியைப் போட்டு மூடியை மெதுவாகத் திருகினார். உள்ளே தண்ணீரைக் காணோம். பழுப்பு நிறத்தில், ஆறிப்போன பசைபோல் ஏதோ கொழகொழவென்று நின்றது.

"இது என்ன கண்றாவி?" என்றாள் பாப்பா.

"எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட் கெட்டுப்போயிருக்கு" என்றார் சின்னண்ணன். "ரெண்டு வகையை ஒண்ணாக் கலந்தா சிலது இப்படித் திரிஞ்சுபோகும். யாரோ வேற நிறத்தை ஊத்தியிருக்காங்க. நான் வாரா வாரம் ரோஸ்தான் ஊத்துறேன்."

பெரியண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ரோஸா? ஏண்டா ரோஸ் ஊத்தினே? நான் பழசையெல்லாம் வடிச்சுட்டுப் பச்சை நிரப்பி வச்சிருந்தேனே!"

"பச்சையா? வண்டியில இருந்தது ரோஸ்! நானே கண்ணால பார்த்தேன். இதோ, ரேடியேட்டர் தலையில, இந்த விரிசல்கிட்ட, கசிஞ்சு காய்ஞ்சு கட்டியா நிக்குது பாரு. தண்ணி டப்பா பழுப்பேறிப்போய் உள்ள என்ன நிறம்னே தெரியலை. சரி, இதுதான் அடையாளம்னு இதே நிறத்துல தேடி வாங்கிட்டு வந்தேன்."

பெரியண்ணன் குனிந்து அந்த ரோஸ் கட்டியைப் பார்த்தார். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார்.

"அது கூலண்ட் இல்லைடா. அது ஈறு."

"ஈறா? யாரோட ஈறு?"

"யாரோடதும் இல்லை. பல் செட்டுக்கு ஈறு செய்யற மாவு. விரிசல்ல தண்ணி கசிஞ்சுது. கையில அதுதான் இருந்துச்சு. குழைச்சு அடைச்சு, தேய்ச்சு விட்டேன்."

"அத்தைக்கு ஈறு வச்சியா?"

"பாலிஷும் போட்டேன்."

பாப்பாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வார்த்தை! ஒருத்தர்கிட்ட ஒருத்தர் ஒரே ஒரு வார்த்தை! திங்கக்கிழமை பச்சை, செவ்வாக்கிழமை ரோஸ், நடுவுல அத்தை என்ன பாவம் பண்ணினா?"

"நீதான் கேட்டிருக்கணும்" என்றார் பெரியண்ணன்.

"நீதான் சொல்லியிருக்கணும்" என்றார் சின்னண்ணன்.

"நிறுத்துங்க. விருந்துல கேக் வெட்டுற நேரம் நெருங்குது" என்றாள் பாப்பா.

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சின்னண்ணன் ரேடியேட்டரின் கீழ்க் குழாயைக் கழற்றி, அடியில் ஒரு வாளியை வைத்துப் பசையை வடித்தார். செடிக்கும் நாய்க்கும் ஆகாத விஷம் அது, தரையில் ஒரு சொட்டு விழக்கூடாது என்று வாளியை மூடி போட்டுத் தனியாக வைத்தார். குளத்துக் குழாயை மேலே சொருகித் தண்ணீரை அடித்தார். பழுப்பாக வந்தது, பிறகு கலங்கலாக வந்தது. அதையும் வாளி வாளியாகப் பிடித்து வைத்தார். ஹீட்டருக்குப் போகிற குழாயையும் கழற்றி அதற்குள்ளும் அடித்தார். கடைசியில் குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தது. இத்தனை அடிக்கும் அந்த ஈறு அசையவில்லை.

"நல்லாத்தான் வச்சிருக்கே" என்று வாய்க்குள் சொன்னார். சொன்னவர் உடனே குழாயை இன்னும் பலமாகத் திறந்தார்.

பெரியண்ணனோ உடை மாற்றும் அறையில் கேக் முன்னால் முழங்காலிட்டிருந்தார். மெழுகு செதுக்குகிற சின்னக் கரண்டி எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். அதைக் கழுவித் துடைத்து, வெந்நீரில் தோய்த்து, வழிந்த கிரீமை வழித்து எடுத்து, மிச்சத்தை இழைத்துக்கொண்டு வந்தார். பூவை மறுபடி வைக்க நேரமில்லை. "பூ இல்லாமலே போகட்டும். வழவழப்பா இருந்தா போதும்" என்றாள் பாப்பா. ரப்பர் தொப்பிப் பெண்கள் ஈரக் காலோடு வாசலில் கூட்டமாக நின்று, மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

"எனக்கும் இப்படி ஒரு ஆள்தான் பல் கட்டினார். நல்லாத்தான் இருக்கு" என்று மஞ்சள் தொப்பி வாயைத் திறந்து எல்லோருக்கும் காட்டியது.

வெளியே, சின்னண்ணன் குழாய்களை மாட்டி, நல்ல தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினைக் கிளப்பினார். குழாயை விரலால் அமுக்கி அமுக்கி விட, உள்ளே அடைபட்டிருந்த காற்று குபுகுபுவென்று குமிழியாக வெளியேறியது. மட்டம் இறங்க இறங்க ஊற்றினார். ஹீட்டரில் கை வைத்துப் பார்த்தார். சுட்டது. ஓட்டம் வந்துவிட்டது. ஹீட்டரை அணைத்து, மூடியை இறுக்கினார்.

மண்டபம் வரைக்கும் முள் நடுவைத் தாண்டவில்லை. வழியெல்லாம் ஒருவரும் பேசவில்லை. அது பழைய மௌனம் இல்லை, எதையாவது பேசி முள்ளை எழுப்பிவிடுவோமோ என்ற பயம்.

மேலாளர் அம்மா கேக்கைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். அந்த அம்மா பூக்கள் இருந்த மூன்று பக்கத்தையும் பார்த்துவிட்டு, நான்காவது பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"இந்தப் பக்கம் மட்டும் ஏன் மொட்டையா இருக்கு?"

பொய் ஒன்று பாப்பாவின் வாய் வரைக்கும் வந்தது. புதுப் பாணி என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"வண்டி சூடாகி கிரீம் வழிஞ்சுடுச்சும்மா. பூ விழுந்துடுச்சு. எங்க பெரியண்ணன் இழைச்சுக் கொடுத்தார். அவர் பல் செட் செய்யறவர்."

மேலாளர் அம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தந்தம் மாதிரி இருந்தது அது. ஒரு கோடு இல்லை, ஒரு குழி இல்லை.

"பூவெல்லாம் எந்தப் பேக்கரியிலயும் வைப்பாங்க" என்றார் கடைசியில். "அடுத்த சனிக்கிழமை எனக்கு ரெண்டு கேக் வேணும். ரெண்டும் முழுக்க முழுக்க இந்தப் பக்கம் மாதிரி. முடியுமா?"

"முடியும்மா" என்று சொல்லிவிட்டாள் பாப்பா. யாரையும் கேட்காமல்.

அவள் ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தபோது அண்ணன்கள் இருவரும் பானெட்டின்மேல் சாய்ந்துகொண்டு, இனி ஊற்ற வேண்டியது பச்சையா ரோஸா என்று சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். நேருக்கு நேராக. காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"அண்ணா! வேலை கிடைச்சுடுச்சு! அடுத்த சனிக்கிழமை ரெண்டு கேக். ஆனா நீ இழைச்ச பக்கம் மாதிரியே முழுசும் வேணுமாம். அன்னிக்கு உனக்கு வேற வேலை ஒண்ணும் இல்லையே?"

சின்னண்ணன் அத்தையின் தலையில் ஒரு தட்டுத் தட்டி ஆர்ப்பரித்தார். பெரியண்ணன் மட்டும் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லாத கைகள்.

"சனிக்கிழமை நான் வீட்டுல இருக்க மாட்டேன், பாப்பா. என் பல் செட் கடைக்குப் பக்கத்துல ஒரு அறை பார்த்திருக்கேன். வெள்ளிக்கிழமை அங்கயே குடி போயிடறேன். சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"போறியா? யாரைக் கேட்டு முடிவு பண்ணினே?" என்று சின்னண்ணன் போட்ட சத்தத்தில், மண்டபத்து வாசலில் நின்ற நர்ஸம்மாக்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன்னைக் கேக்கலாம்னுதான் பார்த்தேன்" என்றார் பெரியண்ணன். "நீதான் என்கிட்ட பேசுறதே இல்லையே."

சின்னண்ணன் பானெட்டை விட்டு விலகி நின்றார்.

பாப்பா வண்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டு, பையின் வாயை இழுத்து மூடினாள். மண்டபத்துப் படியில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"பேசுங்க. ரெண்டு பேரும் பேசி முடிக்கிற வரைக்கும் வண்டி இந்த இடத்தை விட்டு நகராது."